சம்மந்தி கிணத்துக்குச் சம்மந்தமில்லை

சன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க தம்பி. எனக்குக் காத்தடிச்சாக் காது அடைச்சுக்கும். நீங்க காங்கயம் வரைக்குமா? நான் அதுக்கு முன்னாலயே எறங்கீருவனுங்க. கரட்டாங்காட்டுப் பிரிவு.

என்ற நகத்தைப் பாக்கறீங்க. பாருங்க, தப்பில்ல, எல்லாரும் பாப்பாங்க. சீக்கு இல்லீங்க, சாயம். ஒருக்கா பல்லு புடுங்கப் போன எடத்துல அந்த டாக்டரம்மா பல்லைப் பாக்காம நகத்தையே பாத்துது. "விரலெல்லாம் நீலம் பாஞ்சிருக்குது, உங்களுக்கு இருதயத்துல கோளாறு இருக்கும்போல"ன்னு ஆம்புலன்சைக் கூப்புடப் பாத்துது. "இருதயமெல்லாம் கல்லாட்டம் இருக்குதுங்கம்மா, இது பள்ளிக்கூட யூனிபாரம் ஆர்டரு"ன்னு சொல்லித்தான் தப்பிச்சு வந்தேன்.

பேரு சென்னியப்பன். சென்னிமலைக்குத் தெக்கால சொந்தமா ஒரு சாயப்பட்டறை. பெட்ஷீட்டு, துண்டு நெய்யறவங்களுக்கு நூலுக்குச் சாயம் போட்டுக் குடுக்கறதுதான் தொழிலு. நான் போட்ட செவப்பு இன்னைக்கு வரைக்கும் ஒரு எடத்துல போனதில்லீங்க. துணி கிழியும், செவப்பு கிழியாது.

ஆனாப் பாருங்க தம்பி, அப்பேர்ப்பட்டவனுக்கு வந்த சோதனையை. பெத்த பொண்ணு தலைப்பிரசவத்துக்கு அப்பன் ஊட்டுக்கு வரமாட்டேன்னு சொல்லிருச்சு. உலகத்துல எங்கியாச்சும் உண்டுங்களா? காரணம் கேட்டா, சம்மந்தி ஊட்டுக் கெணத்துல தண்ணி கலர் மாறுதாமா. அவிய கெணறு கலர் மாறுனா அதுக்கு நான் என்ன பண்றதுங்க? எங்க பட்டறைக் கொழாய்க்கும் அந்தக் கெணத்துக்கும் ஒரு சம்மந்தமும் இல்ல. நடுவுல ஒரு ஓடைதான் இருக்குது.

மொதல்லருந்து சொல்றேன், அப்பத்தான் ஞாயம் எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரியும்.

என்ற பொண்ணு பேரு நர்மதா. ஒரே பொண்ணு. கெமிஸ்ட்ரில எம்.எஸ்.சி. முடிச்சுட்டு பி.எச்.டி. பண்றேன்னுது. "எதைப் பத்தி அம்மிணி?"ன்னு கேட்டேன். "சாயத்தைப் பத்திங்கப்பா"ன்னுது. எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சுங்க. அப்பன் தொழிலை எடுத்துச் செய்ய ஒரு பொண்ணு நெனைக்குதுன்னா அது போன சென்மத்துப் புண்ணியமில்லீங்களா? ஒறம்பரை, சொந்தம்னு ஒருத்தரை உடாமச் சொன்னேன். என்ற பொண்ணு சாயத்துல டாக்டர் ஆகுது, இனி நம்ம பட்டறைச் சாயம் துணி மக்கிப் போனாலும் நிக்கும்னு.

கடைசியில ஒரு நாள் அவிய காலேஜ்ல எல்லாத்துக்கும் முன்னால நின்னு பேசணுமாம், அதுக்கப்பறந்தான் பட்டமாம். நானும் என்ற சம்சாரம் சுலோச்சனாவும் ஒரு தாரு பூவம்பழத்தோட போயி முன்வரிசைல உக்காந்தோம். நர்மதா திரையில ஒரு படம் போட்டுது. பாத்தா, எங்க பட்டறையோட கழிவுத்தண்ணிக் கொழாயி. பக்கத்துல எங்க வேப்பமரம். கொழாயிலருந்து ஊதாக் கலர்ல தண்ணி கொட்டுது. எனக்குப் பெரும தாங்கல. பக்கத்துல கண்ணாடி போட்ட ஒரு பெரியவரு உக்காந்திருந்தாரு, அவரைத் தட்டி, "அது எங்க கொழாயிதானுங்க, நானே நின்னு பதிச்சது"ன்னு சொன்னேன். அவரு என்னை ஒரு மாதிரிப் பாத்துட்டு ரெண்டு நாற்காலி தள்ளிப் போயி உக்காந்துகிட்டாரு. அவருதான் கேள்வி கேக்க வெளியூர்லருந்து வந்த புரொபசர்னு பொறகுதான் தெரிஞ்சுது. படிச்சவங்களுக்குத்தான் எத்தனை வயித்தெரிச்சல் பாருங்க.

அப்பத்தானுங்க எனக்கே விசயம் புரிஞ்சுது. அம்மிணி படிச்சது சாயத்தை ஏத்தறதுக்கு இல்ல. தண்ணில கலந்த சாயத்தை எடுக்கறதுக்கு. தேங்காத்தொட்டிக் கரியில என்னமோ பண்ணி, அதோட வேறொண்ணைச் சேத்து, சாயத்தண்ணில போட்டா தண்ணி தெளிஞ்சிருமாம். நான் ஏத்தறவன், அவ எறக்கறவ. ஒரே ஊட்டுக்குள்ள. சரி, எதிர்க்கட்சியும் நம்ம ஊட்டுலயே இருக்கட்டும்னு உட்டுட்டேன்.

அப்பறம் கலியாணம். கரட்டாங்காட்டுல காளியண்ணன்னு ஒருத்தரு, நல்ல குடும்பம், தென்னந்தோப்பு, மாடு கன்னு, பையன் பேங்குல வேலை. எங்க ஊரு ஓடைக்கு அக்கட்ட கொஞ்சம் கீழ போனா அவிய தோட்டம். "பொண்ணு கூப்புடுதூரத்துல இருக்கும்"னு சுலோச்சனா சொன்னா. கூப்புடுதூரம்னா என்னங்க? இங்க ஊத்துனா அங்க போயிச் சேர்ற தூரம்.

கலியாணமாகி மொத ஆடிக்கு மாப்பிள்ளையக் கூப்புடப் போனேன். சம்மந்தி காளியண்ணன் வந்ததும் வராததுமா என்னைக் கெணத்து மேட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. எட்டிப் பாத்தேன். தண்ணி நல்ல ரோஸ் கலரு. என்ற வாயி சும்மா இருக்குதுங்களா? "அடடா, ஒறம்பரைக்குன்னு கெணறு நெறைய நன்னாரி சர்பத்தே கலக்கி வெச்சுட்டீங்களா சம்மந்தி"ன்னேன்.

அவரு சிரிக்கல. "போன மாசம் நீலமா இருந்துதுங்க"ன்னாரு.

போன மாசம் எங்க பட்டறைல யூனிபாரம் ஆர்டரு ஓடுச்சு, அதென்னமோ வாஸ்தவந்தான். இந்த மாசம் செவப்புத் துண்டு. அதும் வாஸ்தவந்தான். ஆனா உலகத்துல நாம மட்டுந்தானா நீலமும் செவப்பும் போடறோம்? "இந்த ஓடைக்கரைல இன்னும் பட்டறைங்க இருந்துதில்லீங்களா"ன்னு கேட்டேன். "அதெல்லாம் மூடி வருசக்கணக்காச்சுங்களே"ன்னாரு. மூடுன பட்டறைச் சாயம் மெதுவா வருமாட்ட இருக்குதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அதுல இருந்து மாசாமாசம் போன் வருமுங்க. ஒருக்கா பச்சை. ஒருக்கா மாம்பழக் கலரு. ஒருக்கா என்ன கலருன்னு அவருக்கே சொல்லத் தெரியாம, "கத்திரிப்பூவுக்கும் நாவப்பழத்துக்கும் நடுவாப்புலயுங்க"ன்னாரு. ஷேடு சரியாச் சொல்றாரேன்னு எனக்கு ஆச்சரியமாப் போச்சு. எங்க பட்டறைல சாயங் கலக்கற மாஸ்டருக்கே அது லேசுல பிடிபடாது. இன்னொருக்கா போன் போட்டு, "அடுத்தாப்புல என்ன கலருங்க சம்மந்தி? முன்னமே சொல்லிப் போட்டீங்கன்னா எங்கூட்டுல அதுக்குத் தோதாச் சீலை எடுத்துக்குவாங்க"ன்னாரு. நானும் வெள்ளந்தியா, "மெரூனுங்க"ன்னு சொல்லிட்டேன். டொக்குன்னு போனை வெச்சுட்டாரு.

ஒரு நாள் நேருக்கு நேராவே கேட்டுட்டேன். "ஏனுங்க சம்மந்தி, எங்க கொழாய்க்கும் உங்க கெணத்துக்கும் என்னங்க சம்மந்தம்?" அவரு மீசையத் தடவிட்டு, "பொண்ணைக் குடுத்துச் சம்மந்தம் பண்ணினது நீங்கதானுங்களே"ன்னாரு. பேச்சுல நெம்பக் கெட்டிக்காரருங்க. கெட்டிக்காரங்களோட ஒறவு வெக்கறது செரமந்தான்.

இந்த மாட்டு விசயத்தையும் சொல்லீரணும். சம்மந்தி ஊட்டுல ஒரு காங்கயங் காளை. பாலாட்டம் வெள்ளை. அதைச் சந்தைக்குக் கொண்டுட்டுப் போறதுக்கு முன்னால ஆளுக்காரன் ஓடைல எறக்கித் தேச்சுக் குளிப்பாட்டியிருக்கறான். சந்தைக்குப் போயி, வெய்யில்ல காஞ்ச பொறகு பாத்தா காளை இளநீலமா நிக்குது. கூட்டங் கூடிப் போச்சாமா. ஒரு தரகன் வந்து பல்லைப் புடிச்சுப் பாத்துட்டு, "இது எந்தச் சீமைச் சாதிங்க"ன்னு கேட்டிருக்கறான். இன்னொருத்தன், "மழைல நனைஞ்சா போயிருமுங்களா"ன்னு கேட்டிருக்கறான். அவனுக்கு நான் பக்கத்துல இருந்து பதில் சொல்லியிருக்கோணும். போகாதுங்க. எங்க நீலம் போகாது.

சம்மந்தி சந்தைலருந்து நேரா எங்க பட்டறைக்கு வந்து, காளைய வேப்பமரத்துல கட்டுனாரு. "நெறம் ஏத்தறவருக்கு எறக்கவுந் தெரிஞ்சிருக்கும். எறக்கிட்டுச் சொல்லியனுப்புங்க"ன்னு சொல்லிட்டு, தண்ணிகூடக் குடிக்காமப் போயிட்டாரு. எங்க தண்ணின்னு இல்லீங்க, எதுவுமே குடிக்கல. எங்க மாஸ்டரு, நூல்ல கலர் தப்பாப் போனாப் போட்டு வெளுக்கற மருந்தை மாட்டுக்கும் போட்டுப் பாக்கலாமான்னு கேட்டாரு. சுலோச்சனா வெளக்குமாத்தை எடுத்துட்டு வந்துட்டா. அதோட அந்த ரோசனைய உட்டுட்டோம். காளை எங்க கட்டுத்தரைலயே இருந்துட்டுது.

இப்பிடி இருக்கறப்பத்தான் நர்மதா முழுகாம இருக்குதுன்னு சேதி வந்துது. எங்க பக்கத்துல கட்டுச்சோறுன்னு ஒரு விசேசம் உண்டுங்க. பொறந்த ஊட்டுக்காரங்க புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறுன்னு விதவிதமாக் கட்டிக் கொண்டுட்டுப் போயி, பொண்ணுக்கு வளையல் போட்டு, விருந்து வெச்சு, பிரசவத்துக்குக் கூட்டிட்டு வந்தர்றது. அப்பிடித்தான் போனோம். வளையல் போட்டாச்சு. சாப்பாடு ஆச்சு. வெத்தலை பாக்கும் ஆச்சு. வண்டிய வாசல்ல திருப்பி நிறுத்தியாச்சு. "வா அம்மிணி, ராவுகாலத்துக்கு முன்னால கெளம்பீரலாம்"ன்னேன்.

நர்மதா உக்காந்த எடத்தை உட்டு எந்திரிக்கல. "நான் வரலீங்கப்பா"ன்னுது.

"ஏங்கண்ணு?"

"இந்தக் கெணத்துத் தண்ணி தெளியட்டும். அப்பறம் வர்றேன். எம்புள்ளைய இங்கதானே கொண்டுட்டு வந்து வளத்தோணும்? கொழந்தை மேல ஊத்தற தண்ணி என்ன கலர்ல இருக்கும்னு உங்க ஆர்டர் வந்து சொல்லக் கூடாதுங்கப்பா."

சபைல வெச்சுச் சொல்லிருச்சு. சத்தம் போடல, அழுகல, அமைதியாச் சொல்லுச்சு. எனக்கு மொகத்தை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல. சரி, நம்ம பக்கம் பேச ஒரு ஆளாச்சும் இருக்குதேன்னு சுலோச்சனாவைத் திரும்பிப் பாத்தேன். அவ, "அப்பிடின்னா நானும் இங்கயே இருந்து பிரசவம் பாத்துக்கறேன். நீங்க சாவிய வாங்கிட்டுப் போங்க"ன்னு சொல்லிட்டா.

தனியா வந்தேன் தம்பி. மீந்த புளிச்சோத்தோட. ஊட்டுக்கு வந்தா வாசல்ல நீலக்காளை நின்னு என்னைப் பாக்குது. அதுக்கும் எனக்கும் அன்னைல இருந்துதான் பழக்கம். பாவம், அதுவும் ஊட்டை உட்டு வந்ததுதானே.

நானாச் சமைச்சு நானாத் திங்கறப்ப ஒரு ரோசம் வந்துதுங்க. என்ன பெரிய பி.எச்.டி.? கரியப் போட்டாத் தண்ணி தெளியும், அவ்வளவுதானே? கரிக்கா பஞ்சம்? நேரா இஸ்திரிக் கடைக்குப் போயி ஒரு மூட்டை கரிய வாங்கியாந்து பட்டறைத் தொட்டில கொட்டினேன். மாஸ்டரு கோலை வெச்சுக் கலக்குனாரு. நீலம் போச்சுங்களான்னு கேளுங்க. போச்சு. சுத்தமாப் போச்சு. கறுப்பாயிருச்சு. சம்மந்தி அன்னைக்குச் சாயங்காலமே போன் பண்ணி, "இந்தக் கலருக்குச் சீலை எங்கூட்டுல உடுத்த மாட்டாங்களாமுங்க"ன்னாரு.

அப்பறம் நர்மதாவே போன்ல வந்துது. "அப்பா, அது அடுப்புக் கரி. நான் சொல்றது ஆக்டிவேட்டட் கார்பன். தேங்காத்தொட்டிக் கரிய நல்ல சூட்டுல நீராவி உட்டு வாட்டோணும். அப்பத்தான் அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பொந்தாப் பொந்தா உழுகும். சாயம் அந்தப் பொந்துக்குள்ள போயி ஒட்டிக்கும். ஒரு சிட்டிகைக் கரிக்குள்ள இருக்கற எடத்தைப் பிரிச்சு விரிச்சாக் கால் ஏக்கரா வரும்"னுது.

"கால் ஏக்கராவா? அப்ப ஒரு மூட்டைக்குள்ள ஒரு தாலூக்காவே இருக்குமாட்ட இருக்குதே அம்மிணி. பத்திரம் பண்ண முடியுமா?"ன்னேன்.

சிரிச்சுது. கட்டுச்சோத்துக்கு அப்பறம் அன்னைக்குத்தான் என்னோட சிரிச்சுது. அதனாலதான் அந்தக் கரிய வாங்கினேன்னு நெனைச்சுக்காதீங்க. எனக்கே ஒரு ஆர்வம்.

காங்கயத்துப் பக்கம் அந்தக் கரி செய்யறவங்க நெறைய உண்டுங்க. வாங்கியாந்தோம். மாவாட்டம் இருக்குது. தொட்டில போட்டுக் கலக்குனா, தம்பி, பொய் சொல்லல, கண்ணு முன்னாலயே நீலம் காணாமப் போகுது. ஆனா அந்த மாவு அடில தங்க மாட்டீங்குது. துணில வடிகட்டினா துணி அடைச்சுக்குது. உட்டாத் தண்ணியோட ஓடீருது. சாயத்தை எடுக்கக் கரி போட்டோம், இப்பக் கரிய எடுக்க என்னத்தப் போடறது?

"அதுக்குத்தாங்கப்பா நான் இத்தனை வருசம் படிச்சது"ன்னுது நர்மதா. என்னன்னா, அந்தக் கரி மேல இரும்போட துருவைப் பொடிப் பொடியா ஒட்ட வெக்கறது. காந்தத்துல ஒட்டற கறுப்புத் துரு. அப்பக் கரி சாயத்தைப் புடிச்சுக்கும், காந்தம் கரியப் புடிச்சுக்கும். திருடனைப் போலீசு புடிச்சு, போலீசை அவிய பொண்டாட்டி வந்து கூட்டிட்டுப் போறாப்புலன்னு வெச்சுக்குங்க.

அதைச் செய்யறதுக்குக் கொதிதண்ணி வேணும், காஸ்டிக் சோடா வேணும், கலக்கற தொட்டி வேணும். சாயப்பட்டறைல இதெல்லாம் இல்லாம வேறென்ன இருக்குது? இரும்பு உப்பு மட்டும் வாங்கினோம். அங்க சம்மந்தி ஊட்டுத் தோப்புல கயித்துக்கட்டில்ல சாஞ்சுகிட்டு, வயித்து மேல போனை நிறுத்தி வெச்சுகிட்டு, அம்மிணி வீடியோல உத்தரவு போடுது. "அப்பா, மெதுவா ஊத்துங்க. மாஸ்டர், கலக்கறதை நிறுத்தாதீங்க. அப்பா, கையுறை எங்க? கண்ணாடியப் போடுங்கப்பா." சுலோச்சனா நடுநடுவுல மூஞ்சியக் காட்டி, "சட்டைல சிந்தாதீங்க, தொவைக்க ஆளில்ல"ங்கறா. நாங்க செஞ்சோம். நான்தான் செஞ்சேன். அம்மிணி வாயில சொன்னதோட சரி.

பொடி தயாராச்சு. காந்தத்துக்கு, கோயில் நோம்பிக்கு மைக்செட்டுக் கட்டற ஆளுகிட்டப் பழைய ஸ்பீக்கரை ஒடைச்சு வாங்கினோம். தொட்டி நெறையச் செவப்புத் தண்ணி. பொடியக் கொட்டியாச்சு. மூலைல கோலு எட்டலைன்னு நானே வேட்டிய மடிச்சுக் கட்டிகிட்டுத் தொட்டிக்குள்ள எறங்கி இடுப்பளவு தண்ணில நின்னு கலக்கினேன். தண்ணி தெளிஞ்சு என்ற கால் வெரலெல்லாம் தெரியுது. மாஸ்டரு காந்தத்தை எறக்கித் தூக்கறாரு. ஒரு கரண்டிப் பொடிகூட வரல. இந்த மூலைல எறக்கறாரு, அந்த மூலைல எறக்கறாரு. போட்ட பொடி எங்கடா போச்சுன்னு ரெண்டு பேரும் முழிக்கறோம்.

நான் தொட்டிய உட்டு மேல ஏறினேன். மாஸ்டரு என்ற வயித்தையே பாத்துட்டு, "மொதலாளி, பொடி கெடச்சிருச்சுங்க"ன்னாரு.

எனக்கு இடுப்பு வலிங்க. சுலோச்சனாவோட தம்பி ஒருத்தன், காந்தப் பெல்ட்டு விக்கறேன்னு சொல்லிப் பெட்டி பெட்டியா வாங்கி வெச்சுட்டு, விக்காம ஒறம்பரைக்கெல்லாம் மாட்டி உட்டிருந்தான். வேட்டிக்குள்ள அதைத்தான் கட்டியிருந்தேன். போட்ட பொடியெல்லாம் என்ற இடுப்பைச் சுத்தி ஒரு மொழத்துக்கு அப்பிகிட்டு நிக்குது. கறுப்பா, மொத்தமா, டயரு மாட்டுன மாதிரி. ஒரு பக்கம் வழிச்சு எறிஞ்சா மறுபக்கம் வந்து ஒட்டிக்குது. வீடியோல நர்மதா பாத்துட்டு வயித்தைப் புடிச்சுகிட்டுச் சிரிக்குது. சுலோச்சனா போனைப் புடுங்கி, "புள்ளத்தாச்சிய இப்பிடியா சிரிக்க வெப்பாங்க? போயித் துணிய மாத்துங்க"ன்னு வெச்சுட்டா.

ஆனா தம்பி, புத்தி உள்ளவன் அங்கதான் நிப்பான். நான் நின்னேன். மச்சான் ஊட்டுல விக்காமக் கெடந்த பெல்ட்டையெல்லாம் அள்ளியாந்து, தண்ணி வெளிய போற வாய்க்கால்ல தோரணம் கட்டறாப்புல குறுக்க வரிசையாக் கட்டி உட்டேன். தண்ணி போகுது, பொடி பெல்ட்டுலயே நின்னுக்குது. நர்மதா அதை வீடியோல பாத்துட்டு, போனைக் கிட்டக் காட்டச் சொல்லி மறுக்காப் பாத்துது. அப்பறம், "நல்லாத்தான் இருக்குதுங்கப்பா"ன்னுது. டாக்டர் பட்டம் வாங்குன வாயி சொல்லுச்சு. அன்னைக்குச் சாப்புட ஒக்காந்தா சோறே எறங்கல. பசி இல்லியாட்ட இருக்குது.

சரி, எல்லாத்தையும் கூப்புட்டுக் காட்டிரலாம்னு ஒரு நல்ல நாளாப் பாத்தோம். நர்மதாவுக்கு மாசம் நெருங்கிப் போச்சு. வேண்டாம்னு சொன்னாக் கேக்காம வண்டில வந்துது. சுலோச்சனா வந்தா. சம்மந்தி வந்தாரு, வெள்ளை வேட்டில. கொழாயத் தொறந்தேன். தண்ணி பளிங்காட்டம் கொட்டுது. சம்மந்தி குனிஞ்சு பாக்கறாரு. நிமுந்து பாக்கறாரு. ஒரு வார்த்தை பேசோணுமே. பேச மாட்டீங்கறாரு. எனக்குப் பொறுக்கலீங்க. நர்மதா நெழலுக்குப் போயி உக்காந்த நேரம் பாத்து ஒரு சொம்பை எடுத்துப் புடிச்சேன். "குடிச்சே காட்டறேன் சம்மந்தி"ன்னு ஒரே மூச்சுல குடிச்சுட்டேன்.

உப்புங்க. உப்புன்னா உப்பு, ராமேசுவரத்துல முழுகி எந்திரிச்சாப்புல. நூல்ல சாயம் ஏறோணும்னா மூட்டை மூட்டையா உப்புப் போடோணும். கரி சாயத்தைத்தான் புடிக்குமாம், உப்பைப் புடிக்காதாம். நர்மதா அதை முன்னமே சொல்லியிருக்குதாமா. எனக்குச் சரியாக் காதுல உழுகல. கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஆனா சம்மந்தி என்ற மொகத்தையே பாத்துட்டு நிக்கறாரு. உட முடியுங்களா?

"எளநியாட்டம் இருக்குதுங்க"ன்னேன்.

"அப்பிடீங்களா? எனக்கும் ஒரு சொம்பு குடுங்க"ன்னாரு.

குடிச்சாரு. கண்ணு ரெண்டும் வெளிய வந்துட்டு உள்ள போச்சு. மீசைய மெதுவாத் தொடைச்சுகிட்டு, "ஆமாங்க. எளநியேதான்"ன்னாரு.

"இன்னொரு சொம்பு?"ன்னேன், மரியாதைக்கு.

"நீங்க குடிச்சா நானும்"ன்னாரு, அவரும் மரியாதைக்கு.

மரியாதை தெரிஞ்ச ரெண்டு பேரு எதுத்தெதுத்தாப்புல நின்னா இப்பிடித்தானுங்க ஆகும். நர்மதா பாத்து எந்திரிச்சு வர்றதுக்குள்ள ஆளுக்கு ரெண்டு சொம்பு முடிச்சுட்டோம். "யாருங்கப்பா உங்களைக் குடிக்கச் சொன்னது? தெளியுதான்னு பாக்கத்தானே சொன்னேன்"னு தலைல கைய வெச்சுது. அதுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் இல்ல. நான் கெழக்க ஓடினேன், சம்மந்தி மேக்க ஓடினாரு. அப்பறம் ரெண்டு பேரும் வாந்தி.

அதே வண்டில எங்க ரெண்டு பேரையும் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டறாங்க. ரோடு குண்டுங்குழியும். முன்சீட்டுல நர்மதா, "டிரைவரண்ணா, கொஞ்சம் மெதுவாப் போங்க"ன்னுது. அப்பறம், "இல்லீங்ண்ணா, வேகமாவே போங்க"ன்னுது. சுலோச்சனாவுக்குத்தான் மொதல்ல புரிஞ்சுது.

நாங்க ரெண்டு பேரும் அடுத்தடுத்த கட்டில்ல, கைல குளுக்கோஸ் ஏறுது. நர்மதாவைப் பிரசவ ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. சொவத்துக்கு அந்தப் பக்கம் சத்தம் கேக்குது. நாங்க ரெண்டு பேரும் ஃபேனையே பாத்துட்டுக் கெடக்கறோம். நான் பாட்டல்ல எறங்கற சொட்டை ஒண்ணொண்ணா எண்ணினேன். குளுக்கோஸ் சரியா ஏறுதான்னு பாக்கத்தானுங்க. அப்பச் சம்மந்தி மெதுவாக் கூப்புட்டாரு.

"சம்மந்தி."

"சொல்லுங்க."

"அந்தத் தண்ணி நெசமாவே எளநியாட்டமா இருந்துது?"

"உங்களுக்கு எப்பிடிங்க இருந்துது?"

ரோசனை பண்ணினாரு. "எளநியாட்டந்தானுங்க இருந்துது"ன்னாரு.

அப்பறம் கைய இந்தப் பக்கம் நீட்டினாரு. நானும் நீட்டினேன். ஊசி குத்தியிருந்துதால முழுசா எட்டல. வெரலு மட்டும் பட்டுது.

செத்த நேரத்துல நர்சம்மா துணில சுத்தி ஒரு கொழந்தையக் கொண்டுட்டு வந்துது. "இதுல யாருங்க தாத்தா?"ன்னு கேட்டுது. ரெண்டு பேருமே குளுக்கோஸ் கையத் தூக்கினோம், ரெண்டு பாட்டலும் ஆடிப் போச்சு. பொண்ணுக் கொழந்தைங்க, தம்பி. நல்ல செவப்பு. எங்க பட்டறைல போடற எந்தச் செவப்பும் இல்ல, அது வேற. அந்த ஷேடு எனக்கு வராதுங்க.

அப்பிடி நடந்துது. இங்கயும் பொறக்கல, அங்கயும் பொறக்கல, ரெண்டு ஊருக்கும் பொதுவாப் பொறந்துது. ஆனா ஆஸ்பத்திரில இருந்து அம்மிணி நேராக் கரட்டாங்காட்டுக்குத்தான் போச்சு. கெணறு தெளியட்டும்னு சொன்னது சொன்னதுதானாம். இப்ப எங்க பட்டறைல தெளிஞ்ச உப்புத்தண்ணிய ஓடைக்கே உடறதில்லீங்க. அதையே புடிச்சு வெச்சு அடுத்த சாயத்துக்கு எடுத்துக்கறோம். உப்புப் பாதி மிச்சம். அதும் நர்மதா சொன்னதுதான், நானும் நெனச்சுட்டு இருந்தேன். காளைக்கும் பழைய ரோமம் உதுந்து வெள்ளையே மொளைச்சுருச்சு. சம்மந்தி வந்து ஓட்டிட்டுப் போனாரு. கட்டுத்தரை வெறிச்சுனு கெடக்குது.

நல்ல மழை வேற பேஞ்சுது. முந்தாநேத்துச் சம்மந்தி போன் பண்ணினாரு. கலர் ஒண்ணுஞ் சொல்லல. "சம்மந்தி, கெணத்துல மீனு தெரியுதுங்க"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. நான் இன்னொருக்காச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். போன்ல சத்தம் சரியில்ல, அதனால.

அதுக்குத்தானுங்க இப்பப் போறேன். இன்னைக்குச் சாயங்காலம் நர்மதாவையும் கொழந்தையவும் எங்கூட்டுக்குக் கூட்டிட்டு வரப் போறேன். சுலோச்சனாவும் வர்றா. தொட்டில் கட்டியாச்சு. வாசல் தெளிச்சாச்சு.

இதுக்கு நடுவுல எங்க மாஸ்டருக்கு ஒரு மனக்கொறை. அவசர ஆர்டரு நிக்குது, கரி இருக்குது, பெல்ட்டு இருக்குது, எல்லாஞ் சரியா ஓடுது. ஆனா சம்மந்தி மீனுன்னு சொன்ன நிமிசத்துல இருந்து நான் பட்டறையப் பூட்டி வெச்சிருக்கறேன். ஒரு சொட்டுச் சாயம் கலக்க உடல. நேத்து ஓடைக்கரைல போயி, கொழாய் வாயில ரெண்டு சாக்கை வேற அடைச்சுட்டு வந்தேன். "ஏனுங்க மொதலாளி, அந்தக் கெணத்துக்கும் நமக்குந்தான் ஒண்ணுமில்லீங்களே"ன்னு மாஸ்டரு கேக்கறாரு. ஒண்ணுமில்லதானுங்க. மெசினுக்கும் ஓய்வு வேணுமில்லீங்களா? அதும் பச்சக் கொழந்தை வர்ற ஊடு, பக்கத்துல சத்தம் ஆகாது.

நீங்க எதுக்குத் தம்பி சன்னல் பக்கம் திரும்பிச் சிரிக்கறீங்க?

பிரிவு வந்துருச்சு. கண்டக்டரே, எறங்கோணுமுங்க.